லேத் மேதை ஹென்றி மாட்ஸ்லே



நீங்கள் பம்பரம் விட்டிருப்பீர்கள். அதற்கு அந்த வழவழப்பான வடிவம் எப்படி வந்தது தெரியுமா? மரக்கட்டையை வேகமாகச் சுழலவிட்டு, அதன்மேல் உளியை வைத்துச் சீவி எடுப்பார்கள். இதற்குக் கடைசல் வேலை என்று பெயர். இதைச் செய்யும் இயந்திரம்தான் லேத். கட்டில் கால், தொட்டில் கட்டை, பூரிக்கட்டை எல்லாம் இப்படிக் கடைந்தவையே.

பழைய லேத் ஒன்று துருப்பிடித்து மூலையில் கிடந்தால், பலரும் அதை எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால், சுமார் 1800-இல் செய்யப்பட்ட ஒரு சிறிய லேத், லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் பொக்கிஷமாக இருக்கிறது. அதைச் செய்தவர் 12 வயதிலேயே வேலைக்குப் போனவர். அவர்தான் ஹென்றி மாட்ஸ்லே.

இங்கிலாந்தில் லண்டனை அடுத்த உல்விச் என்ற ஊரில், 1771 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பிறந்தார் ஹென்றி. அங்கிருந்த அரசு படைக்கலச் சாலையில் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்புவதுதான் அவரது முதல் வேலை. பிறகு தச்சுப் பட்டறைக்கு மாற்றினார்கள். அவரது மனமோ பக்கத்துக் கொல்லுப் பட்டறையையே சுற்றி வந்தது. 15 வயதில் அங்கே சேர்ந்தார். சில ஆண்டுகளிலேயே கைதேர்ந்த கொல்லர் என்று பெயர் எடுத்தார்.

அந்தச் சமயத்தில் லண்டனில் ஜோசப் பிரமா என்பவர் புதுவகைப் பூட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அதை நுணுக்கமாகச் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. 18 வயது ஹென்றியை அழைத்தார். அவர் செய்த பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, இதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார் பிரமா. அந்தப் பூட்டை 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை!

மாட்ஸ்லே அந்தப் பட்டறையின் தலைமைத் தொழிலாளி ஆனார். வாரக் கூலி 30 ஷில்லிங். குடும்பம் பெருகியதால், 1797-இல் கூலியைக் கூட்டித் தரும்படி கேட்டார். பிரமா மறுத்துவிட்டார். மாட்ஸ்லே வருந்தி உட்கார்ந்துவிடவில்லை. வேலையை விட்டு விலகி, லண்டனிலேயே ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார்.

அப்போது இரும்பைக் கடைபவர்கள்கூட உளியைக் கையால்தான் பிடிப்பார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் வேலை கெட்டுவிடும். திருகாணி செய்வது இன்னும் கடினம். ஒரு போல்ட்டுக்குச் செய்த நட், இன்னொரு போல்ட்டில் ஏறாது!

மாட்ஸ்லே இதற்கு வழி கண்டார். லேத்தின் உடலை முழுக்க இரும்பால் அமைத்தார். உளியைப் பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் நகரும் ஓர் இரும்புப் பிடியை வைத்தார். அதை நகர்த்த நீளமான திருகு ஒன்றைப் பொருத்தினார். பல்சக்கரங்களை மாற்றினால் வேண்டிய அளவில் புரி வெட்டலாம். இத்தகைய பிடியை ரஷ்யாவின் நார்தோவ் போன்றவர்கள் முன்பே செய்திருந்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து, தினசரி வேலைக்கு உதவும்படி துல்லியமாக்கியது மாட்ஸ்லேயின் சாதனை.

அளவில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஓர் அங்குலத்தைப் பத்தாயிரம் பங்காக்கி அளக்கும் கருவி ஒன்றைத் தன் மேசையில் வைத்திருந்தார். அதன் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதால், அக்காலத்தில் அந்நாட்டு நீதித்துறையின் தலைவராக இருந்தவரின் பதவிப் பெயரான 'லார்டு சான்சலர்' என்பதையே அதற்குச் சூட்டினார்!

பாய்மரக் கப்பல்களுக்கு ஆயிரக்கணக்கில் மரக் கப்பிகள் தேவைப்பட்ட காலம் அது. மார்க் புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்த 40-க்கும் மேற்பட்ட இயந்திரங்களை மாட்ஸ்லே செய்து கொடுத்தார். போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் 110 பேர் செய்த வேலையை 10 பேர் செய்தார்கள். 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் தயாராயின. அந்த இயந்திரங்களில் சில நூறாண்டுக்கு மேல் உழைத்தன!

ஜேம்ஸ் நாஸ்மித், ஜோசப் விட்வொர்த் போன்ற புகழ்பெற்ற பொறியாளர்கள் அவரது பட்டறையில் வேலை கற்றவர்கள். 1831 பிப்ரவரி 14-இல் மாட்ஸ்லே மறைந்தார்.

குழந்தைகளே, பழைய லேத் ஒன்றை எங்காவது பார்த்தால், சில விஷயங்களைக் கவனியுங்கள். அதன் உடல் மரமா, இரும்பா? காலால் மிதித்துச் சுற்றுவதா? உளிப்பிடி நகருமா? நீளத் திருகு உண்டா? செய்தவர் பெயரோ எண்ணோ பொறித்திருக்கிறதா? மாட்ஸ்லே காலத்தில் லண்டனில் லேத் விற்ற ஹோல்ட்சாப்ஃபெல் என்பவர், ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார். அந்த எண்ணை வைத்தே அதன் வயதைக் கணிக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் அவற்றை இன்றும் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

எனவே பெயர்த் தகட்டைச் சுரண்டவோ, அதன்மேல் பெயின்ட் அடிக்கவோ கூடாது. உதிரிப் பாகங்களைத் தொலைக்காமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டி விலை கேட்டபிறகே விற்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக் கடைக்காரரின் தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும்.

30 ஷில்லிங்குக்கு மேல் பெறமாட்டார் என்று பிரமா நினைத்த தொழிலாளியின் மதிப்பை உலகம் பிறகு அறிந்துகொண்டது. பொருளானாலும் மனிதரானாலும், மதிப்பை அறிய முதலில் உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்!