காற்றைக் கட்டிப் போட்ட கடனாளி

ஒரு சிறுமி ஓடி வருகிறாள். கைகளை ஊன்றிக் குட்டிக்கரணம் போடுகிறாள். அடுத்து, அந்தரத்தில் ஒரு பல்டி! கால் தவறித் தொப்பென்று விழுகிறாள்.

அடி படவில்லை. எழுந்து சிரிக்கிறாள். மறுபடியும் ஓடுகிறாள்.

அவள் விழுந்தது மண்ணில் அல்ல. பஞ்சு மெத்தையிலும் அல்ல. அவள் காற்றின் மேல் விழுந்தாள்!

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் கூடங்களில் இப்பொழுது காற்று மெத்தை விரிக்கிறார்கள். அதைப் பாய் போலச் சுருட்டித் தூக்கி வரலாம். தரையில் விரித்துப் பம்பினால் காற்று அடித்தால் போதும். சில நிமிடங்களில் அது பலகை போல நிமிர்ந்துவிடும். காற்றைக் கூட்டினால் கெட்டியாகும். குறைத்தால் மெத்தென்று ஆகும்.

பெரிய போட்டிகள் நடப்பது வேறு தளத்தில். அது 12 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள, அடியில் வில் வைத்த தளம். ஆனால், ஒரு கரணத்தைக் கற்றுக் கொள்ளும்போது நூறு தடவை விழ வேண்டியிருக்கிறது. அந்த நூறு தடவையும் எலும்பைக் காப்பாற்றக் காற்று மெத்தை உதவுகிறது.

இந்த மெத்தைக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு. ஒன்று, வால்வு. அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. மற்றொன்று, தோல். அது வெயிலில் இளகக் கூடாது. குளிரில் வெடிக்கக் கூடாது. காற்றைக் கசிய விடக் கூடாது.

நல்ல வால்வு ஒன்றைச் செய்து எடுத்துக் கொண்டு, ஒரு கடைக்குப் போனார் ஒருவர். தோல் சரியில்லை என்ற பதில் அங்கே கிடைத்தது. அந்தத் தோலைத் தேடியே அவருடைய வாழ்நாள் கழிந்தது.

அவர் பெயர் சார்லஸ் குட்இயர்.

நொடித்துப் போன கடை

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி குட்இயர் பிறந்தார். தந்தை அமாசா, பொத்தான்களும் உழவுக் கருவிகளும் செய்து விற்றவர்.

1824-ல் குட்இயருக்கும் கிளாரிசா என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. இருவரும் பிலடெல்பியா நகருக்குக் குடி போனார்கள். குட்இயர் அங்கே இரும்புச் சாமான் கடை வைத்தார். முதலில் வியாபாரம் நன்றாக நடந்தது. பிறகு கடன் கொடுத்தே கடை நொடித்தது.

அந்தக் காலத்தில் கடனைக் கட்டாதவரை ஜெயிலில் போடுவார்கள். குட்இயரும் ஜெயிலுக்குப் போனார். அது முதல் தடவை. பிறகு எத்தனையோ தடவை!

ரப்பர் மோகம்

அப்பொழுது அமெரிக்காவில் ரப்பர் புதிய சரக்கு. மரத்தின் பாலில் இருந்து கிடைத்த ரப்பர், பிரேசில் நாட்டில் இருந்து கப்பலில் வந்து இறங்கியது. தண்ணீர் புகாத காலணி, மழைக் கோட்டு, காற்றடைத்த மிதவை என்று பலவும் செய்தார்கள். மக்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

1834-ல் குட்இயர் நியூயார்க் போனார். ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடை அங்கே இருந்தது. கடலில் விழுந்தவர்களைக் காக்கும் காற்று மிதவை ஒன்றைக் கடையில் பார்த்தார். அதன் வால்வு மட்டமாக இருந்தது. தம்மால் இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய்ப் புதிய வால்வு ஒன்றைச் செய்து கொண்டு மீண்டும் வந்தார்.

கடை மானேஜர் அதைப் பார்த்தார். வால்வு நன்றாகவே இருந்தது. ஆனால், வாங்க முடியாது என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டபோது, கடையின் ரகசியம் வெளியே வந்தது. விற்ற சரக்கு எல்லாம் திரும்பி வந்து கொண்டிருந்தது! கோடை வெயிலில் காலணிகள் பசையாக உருகி நாற்றம் எடுத்தன. குளிர் காலத்தில் கோட்டுகள் கட்டை போல விறைத்து வெடித்தன. உருகிப் போகும் பைக்கு உயர்ந்த வால்வு எதற்கு?

குட்இயர் வால்வை மறந்தார். ரப்பரைப் பிடித்துக் கொண்டார்.

ஜெயிலில் ஆராய்ச்சி

பிலடெல்பியா திரும்பியதும் கடன்காரர்கள் அவரை மறுபடி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். கிளாரிசாவிடம் அவர் கேட்டது இரண்டே பொருள்கள். கொஞ்சம் ரப்பர், வீட்டில் மாவு உருட்டும் கட்டை. ஜெயிலில் உட்கார்ந்து ரப்பரைப் பிசைந்தார், உருட்டினார், தேய்த்தார்.

அவர் வேதியியல் படித்தவர் அல்ல. கையில் பணமும் இல்லை. கிடைத்த பொருளை எல்லாம் ரப்பரில் கலந்து பார்ப்பதுதான் அவர் அறிந்த வழி.

மக்னீசியாத் தூளைக் கலந்தார். ரப்பரின் பிசுபிசுப்பு போயிற்று. வீட்டில் எல்லோரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான காலணிகள் செய்தார்கள். கோடை வந்தது. எல்லாம் கூழாகிவிட்டன.

நியூயார்க்கில் ஒரு சிறு அறையில் நைட்ரிக் திராவகத்தை வைத்துச் சோதனை செய்தார். அதன் நச்சுப் புகையில் உயிர் போகத் தெரிந்தது. பிழைத்து எழுந்து, மறுபடி அதையே செய்தார். இந்தத் தடவை ரப்பர் ஓரளவு சரியாக வந்தது. பண உதவி செய்ய ஒருவரும் கிடைத்தார். ஆனால், 1837-ல் அமெரிக்கா எங்கும் பாங்கிகள் முறிந்தன. உதவி செய்தவரும் அதில் மூழ்கினார்.

குடும்பம் ஸ்டேட்டன் தீவில், மூடிக் கிடந்த ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் ஒண்டிக் குடியிருந்தது. குட்இயர் கடலில் பிடித்து வந்த மீன்தான் பல நாள் சாப்பாடு.

ஊரார் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ரப்பர் கோட்டு, ரப்பர் தொப்பி, ரப்பர் காலணி அணிந்து கொண்டு, காசு இல்லாத ரப்பர்ப் பையோடு யாராவது வந்தால், அவர்தான் குட்இயர் என்று கேலி பேசினார்கள்.

தபால் பைகள்

பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனார். அங்கே ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகத்தைக் கலந்து வெயிலில் காய வைத்து வந்தார். குட்இயர் அந்த முறையின் உரிமையை வாங்கினார். அரசாங்கத் தபால் இலாகா அவரிடம் 150 தபால் பைகள் கேட்டது.

பைகள் பளபளப்பாக வந்தன. குட்இயர் மகிழ்ச்சியோடு அவற்றைத் தொங்க விட்டுவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால், பைகள் தம் பாரத்தையே தாங்காமல் இளகித் தொங்கின. மேல் பக்கம் மட்டும் பதமாகி இருந்தது. உள்ளே பழைய பசைதான்!

அதோடு, அவரை நம்பியவர்களும் விலகினார்கள்.

சூடான அடுப்பு

1839-ம் ஆண்டு. கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டது.

சூடு பட்டால் ரப்பர் உருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், இந்தத் துண்டு உருகவில்லை. தோல் போலக் கருகியது. கருகிய பகுதியின் ஓரத்தில் மெல்லிய விளிம்பு ஒன்று இருந்தது. அது பிசுபிசுக்கவில்லை. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது.

அன்று இரவு அந்தத் துண்டை வீட்டுக்கு வெளியே ஆணி அடித்துத் தொங்க விட்டார். கடுங்குளிர்! காலையில் எடுத்து வளைத்தார். வளைந்தது, வெடிக்கவில்லை.

கந்தகம் இருந்தால் போதாது. அளவான சூடும் வேண்டும். அதுதான் ரகசியம். ரப்பருக்குள் நீண்ட நூல்கள் போன்ற இழைகள் தனித்தனியே கிடக்கின்றன. சூட்டில் கந்தகம் அவற்றுக்கு இடையே முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதனால் இழைகள் விலகி ஓடுவதில்லை.

இது தற்செயலாக நடந்தது என்று உலகம் சொன்னது. குட்இயர் அதை ஒப்புக் கொள்ளவில்லை. தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்பது அவர் எண்ணம்.

கிளாரிசாவின் அடுப்பு

ஆனால், எவ்வளவு சூடு? எவ்வளவு நேரம்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் சில ஆண்டுகள் ஆயின. குடும்பம் மிகவும் அழுதது இந்த ஆண்டுகளில்தான்.

கிளாரிசா ரொட்டி சுட்ட அடுப்பில் ரப்பர் வெந்தது. தேநீர்க் கெண்டியின் ஆவியில் ரப்பர் தொங்கியது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. குழந்தைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார்.

50 டாலர் கடன் கேட்டுப் போஸ்டன் நகருக்குப் போனார். கிடைக்கவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பினார். வீட்டில் இரண்டு வயது மகனின் உயிர் பிரிந்தது. அவருக்குப் பிறந்த 12 குழந்தைகளில் ஆறு பேர் சிறு வயதிலேயே இறந்தார்கள்.

பெற்ற பிள்ளைகள் பட்டினி கிடக்க, ரப்பரைக் கட்டி அழுவது நியாயமா? அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். உறவினர்களும் கேட்டார்கள். இரும்புக் கடைக்கே திரும்பிப் போகும்படி புத்தி சொன்னார்கள். குட்இயரிடம் அதற்கு ஏற்ற பதில் இல்லை. ஆனால், நிறுத்தவும் அவரால் முடியவில்லை. தாம் விட்டுவிட்டால், இந்த ரகசியம் தம்மோடு போய்விடும் என்று அஞ்சினார்.

கிளாரிசா கடைசி வரை அவரோடு நின்றார்.

உரிமையும் வழக்கும்

1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி, அமெரிக்க அரசாங்கம் குட்இயருக்குக் காப்புரிமை கொடுத்தது. அதன் எண் 3633.

இங்கிலாந்தில் அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவருடைய ரப்பர்த் துண்டுகள் அங்கே ஹான்காக் என்பவர் கைக்குப் போயிருந்தன. மேலே கந்தகம் படிந்திருப்பதை ஹான்காக் பார்த்தார். தாமே சோதனை செய்து, 1843-லேயே மனுப் போட்டு, அந்த நாட்டின் உரிமையைப் பெற்றுவிட்டார்.

ஹான்காக்கின் நண்பர் ஒருவர் இந்த முறைக்குப் பெயர் வைத்தார். ரோமானியரின் நெருப்புத் தெய்வம் வல்கன். அதனால் வல்கனைஸ் செய்தல் என்று பெயர். நம் ஊரில் டயருக்கும் டியூபுக்கும் ஒட்டுப் போடும் கடைப் பலகையில் வல்கனைசிங் என்று எழுதியிருக்கிறதே, அதே சொல்தான்!

அமெரிக்காவிலும் பலர் அவருடைய முறையைத் திருடினார்கள். 1852-ல் டிரென்டன் நகரில் பெரிய வழக்கு நடந்தது. அப்பொழுது நாட்டின் வெளியுறவு அமைச்சராக இருந்த டேனியல் வெப்ஸ்டரே குட்இயருக்காக வாதாடினார். குட்இயர் வென்றார். ஆனால், வக்கீலுக்குக் கிடைத்த பணம் அளவுக்கு அவருக்கு எந்த ஆண்டும் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள்.

ஜெயிலுக்கு வந்த பதக்கம்

பணம் வந்தாலும் அவரிடம் தங்கவில்லை. 1851-ல் லண்டன் பொருட்காட்சி. குட்இயர் அங்கே 30 ஆயிரம் டாலர் செலவில் ஒரு கூடம் அமைத்தார். அங்கே மேஜை, நாற்காலி, நகை, பலூன் எல்லாமே ரப்பர்! அவர் எழுதிய புத்தகத்தின் ஒரு பிரதியை ரப்பர் ஏடுகளிலேயே அச்சடித்தார்.

1853-ல் கிளாரிசா இங்கிலாந்தில் இறந்தார். மறு ஆண்டு குட்இயர் வேறு திருமணம் செய்து கொண்டார்.

1855-ல் பாரிஸ் பொருட்காட்சி. அதற்கு இன்னும் அதிகச் செலவு. ஆனால், பிரான்சில் அவருடைய உரிமை செல்லாமல் போயிற்று. வர வேண்டிய பணம் வரவில்லை. கடன்காரர்கள் அவரைக் கிளிஷி ஜெயிலில் அடைத்தார்கள்.

அங்கே இருந்தபோதுதான் ஒரு செய்தி வந்தது. சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அவருக்கு லெஜியன் ஆப் ஹானர் விருதை வழங்கியிருந்தார்! அந்த விருதைக் கொண்டு வந்து ஜெயிலில் தந்தையிடம் கொடுத்தான் மகன்.

1860-ம் ஆண்டு, மகள் மரணப் படுக்கையில் இருப்பதாகத் தகவல் வந்தது. குட்இயர் நியூ ஹேவனுக்குப் புறப்பட்டார். நியூயார்க் வந்து சேர்ந்ததும், மகள் இறந்துவிட்டதை அறிந்தார். அப்படியே சாய்ந்தார். ஜூலை 1-ந் தேதி, ஒரு ஓட்டலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 59.

அவர் விட்டுச் சென்ற கடன், சுமார் இரண்டு லட்சம் டாலர். அவருடைய உரிமைக்குப் பின்னர் கிடைத்த தொகைதான் குடும்பத்தைத் தாங்கியது.

நூல் கட்டிய காற்று

1898-ல் ஆக்ரான் நகரில் பிராங்க் சீபர்லிங் என்பவர் ஒரு டயர் கம்பெனி தொடங்கினார். அதற்குக் குட்இயர் என்று பெயர் வைத்தார். குட்இயர் குடும்பத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை. மரியாதைக்காக வைத்த பெயர்.

அந்தக் கம்பெனி 1956-ல் ஒரு வேடிக்கையான விமானம் செய்தது. அதன் இறக்கையும் உடலும் காற்றடைத்த துணி! சாதாரணப் பையில் காற்று அடித்தால் அது தலையணை போல உப்பும். இறக்கை போலத் தட்டையாக நிற்காது. அதனால் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்களால் இணைத்தார்கள். காற்று வெளியே தள்ளும். நூல் உள்ளே இழுக்கும். துணி தட்டையாக, விறைப்பாக நிற்கும்.

அந்த விமானத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆனால், துணிக்குள் நூல் கட்டும் முறை வாழ்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் காற்று மெத்தைக்குள் இருப்பதும் அதே முறைதான். வெளித்தோல் மட்டும் பெரும்பாலும் ரப்பர் அல்ல. பிளாஸ்டிக் பூசிய துணி.

காற்றை அடைத்து வைக்க ஒரு தோல் வேண்டும் என்று குட்இயர் 26 ஆண்டுகள் அலைந்தார். அவர் விழுந்தபோதெல்லாம் கீழே இருந்தது கல் தரை. அவரோடு சேர்ந்து மனைவியும் மக்களும் விழுந்தார்கள்.

கூடத்தில் சிறுமி மறுபடியும் ஓடி வருகிறாள். பல்டி அடிக்கிறாள். இந்தத் தடவையும் விழுகிறாள். காற்று அவளைத் தாங்கிக் கொள்கிறது.