அடிமையின் முகத்தில் ஆண்டவன் சாயல்!

மணமேல்குடிக் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருப்பவரைக் கேளுங்கள். கரையோரமாகவே போய், கோடியக்கரை முனையைச் சுற்றி, நாகையைத் தாண்டினால் தரங்கம்பாடி என்று வழி சொல்வார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் துறையில் வந்திறங்கிய ஓர் இளைஞரின் கதை இது.

கிறித்தவர்களின் வேதம், முதல் அதிகாரத்திலேயே ஒரு செய்தி சொல்கிறது. கடவுள் மனிதரைத் தம் சாயலாகப் படைத்தார் என்பது அந்தச் செய்தி. பழைய எகிப்திலும் அசீரியாவிலும் தெய்வத்தின் சாயல் என்ற பட்டம் அரசனுக்கு உரியது. ஆண்டவனின் சாயல் ஆள்பவனுக்கு. அடியும் உதையும் ஆளப்படுகிறவனுக்கு! அந்தப் பட்டத்தை மன்னன் தலையிலிருந்து இறக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக்கியது அந்த ஏடு. படைத்தவன் உண்டா, இல்லையா என்ற வழக்குக்கு வேறு மேடை இருக்கிறது. நாம் கேட்பதெல்லாம், அப்படி நம்பியவர்கள் அப்படி நடந்தார்களா என்பதுதான்.

சீகன்பால்கு நடந்து பார்த்தார்.

ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682-இல் பிறந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். நோய் விடாத உடம்பு. ஆனால் வளையாத நெஞ்சு. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்ப, தோழர் புளுட்சாவுடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடி சேர்ந்தார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை.

தரங்கம்பாடி அன்று டேனிஷ் வணிகக் கும்பெனியின் கோட்டை. மிளகும் துணியும் வாங்க வந்தவர்களுக்கு மனிதரைப் பற்றிப் பேசும் பாதிரியார் எதற்கு? வரவேற்பு இல்லை, வெறுப்பு இருந்தது. சீகன்பால்கு சோரவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து அகரம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டினார். அவற்றில் நம் குறளும் ஒன்று. தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று தம் நாட்டார் எண்ணியிருந்தது தவறு என்று எழுதியும் அனுப்பினார்.

1707 மே திங்களில் அவர் முதன்முதலாகத் திருமுழுக்குக் கொடுத்தது யாருக்குத் தெரியுமா? செல்வருக்கல்ல, சீமானுக்கல்ல. டேனிஷ் முதலாளிகளின் வீடுகளில் வேலை செய்த ஐந்து அடிமைகளுக்கு! விலை கொடுத்து வாங்கிய பண்டம் என்று எசமானன் எண்ணியிருந்த முகத்தில், ஆண்டவனின் சாயல் இருக்கிறது என்றார் இவர். எசமானன் எப்படிப் பொறுப்பான்?

அடுத்த ஆண்டே மோதல் முற்றியது. கடன் வழக்கொன்றில் ஏழை விதவை ஒருத்திக்காகப் பரிந்து பேசினார் சீகன்பால்கு. கோட்டைத் தலைவர் ஹாசியஸ் சினந்தார். சிறைக்கதவு மூடியது. நான்கு மாதங்கள்! வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்கினார்.

தமிழ் அச்சேறியது அவர் காலத்தில்தான் என்று சொல்லமாட்டேன். 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் அச்சகத்தை ஊன்றி நிலைக்கச் செய்தவர் இவர். 1712-இல் அச்சுப்பொறி வந்தது. மறு ஆண்டு ஜெர்மனியிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து பெரிது, தாளோ குறைவு. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்; பொறையாற்றில் காகித ஆலை கண்டார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் தொடங்கி ரூத் வரை மொழிபெயர்த்தார். சாயலைப் பற்றிய அந்த வாசகமும் அவர் கையால் தமிழாயிற்று.

1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். கோபன்ஹேகனிலிருந்து பாராட்டு வரவில்லை. கட்டடம் எதற்கு, செலவு எதற்கு என்ற கடுமொழிக் கடிதங்கள்தான் வந்தன. நொந்த உடம்பு மேலும் நொந்தது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் மறைந்தார். 37 வயதைக்கூட எட்டவில்லை. அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார்.

கதை இங்கே முடிந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாம். முடியவில்லையே, தோழர்களே!

1733-இல் அதே தரங்கம்பாடிச் சபையில் ஆரோன் என்ற தமிழர் குருவாக்கப்பட்டார். இராசநாயக்கன் என்ற இன்னொரு தமிழர் இருந்தார். உழைப்பில் குறைந்தவரல்லர், உறுதியில் குறைந்தவரல்லர். ஆனால் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்துவிட்டார். அவர் கையால் அப்பமும் இரசமும் வாங்க உயர்சாதிக் கிறித்தவர் ஒப்பமாட்டார்கள் என்று அவருக்குக் குருப்பட்டம் தரப்படவில்லை. சாயல் ஒன்றுதான், சாதி மட்டும் வேறாம்! சபைக்குள் சாதி கூடாது என்று பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டது 1833-இல். நூறு ஆண்டுகள் கழித்து! ஆணை வந்ததும் சாதியை விட மனமின்றிச் சபையை விட்டுப் போனவர்களும் உண்டு.

அடிமைக்குச் சாயலைக் காட்டியவரைச் சிறையில் அடைத்தது கும்பெனி. அவர் கட்டிய சபைக்குள்ளேயே அந்தச் சாயலைச் சிறைவைத்தது சாதி. முன்னதன் கதவு நான்கு மாதங்களில் திறந்தது. பின்னதன் கதவைத் திறக்க ஏடு போதாது, ஆலயம் போதாது. பக்கத்தில் உட்காருகிறவனைச் சாதி கேட்காமல் உட்காரவைக்கும் கை வேண்டும். மணமேல்குடியின் தேநீர்க் கடைப் பலகையில் இன்று மாலை நாம் உட்காரும்போது, அந்தக் கை நம் கையாக இருக்கட்டும்!