செடிகொடிகளின் நாடி பார்த்தவர்

வங்காளத்தில் ஃபரீத்பூருக்கு அருகே ஓர் ஈச்சமரம் இருந்தது. புயலில் சரிந்து, சாய்ந்த நிலையிலேயே அது வளர்ந்து வந்தது. மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அதன் முடி தாழ்ந்து ஓலைகள் மண்ணைத் தொடும். காலையில் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். மரம் நாள்தோறும் இறைவனை வணங்குவதாக மக்கள் நம்பினர். காணிக்கை செலுத்தினர். நோய் தீர வேண்டி யாத்திரிகர்கள் வந்தனர்.

அம்மரத்தை ஆராய விரும்பினார் ஓர் அறிஞர். அந்நியக் கருவி பட்டால் மரத்தின் புனிதம் கெடும் என்று உரிமையாளர் அஞ்சினார். கருவி இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்றும், அதைப் பொருத்த வரும் உதவியாளர்களுள் ஒருவர் அர்ச்சகரின் மகன் என்றும் அறிந்த பின்னரே அவர் இசைந்தார். ஆராய வந்த அந்த அறிஞர் ஜகதீச சந்திர போஸ்.

விலங்கு வெயில் சுட்டால் நிழலுக்கு ஓடும். தாகம் எடுத்தால் நீரைத் தேடிச் செல்லும். செடிக்கு அந்த வசதி இல்லை. நின்ற இடத்திலேயே நீரும் ஒளியும் காற்றும் பெற்று, வெப்பத்தையும் குளிரையும் காயத்தையும் தாங்கி, தன் உள்நிலையை அது காத்துக்கொள்ள வேண்டும். ஓசையின்றி நடக்கும் அந்தப் போராட்டத்தைக் காண்பதிலேயே போஸின் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது.

தந்தை வகுத்த பாதை

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்றைய வங்கதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் பதவி வகித்தவர். ஆயினும் மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே மீனவர் மகனும், முஸ்லிம் பணியாளர் ஒருவரின் மகனும் போஸின் அருகில் அமர்ந்து படித்தனர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகள் அச்சிறுவனின் உள்ளத்தில் இயற்கையின் மீது ஆர்வத்தை விதைத்தன.

கல்கத்தா புனித சேவியர் கல்லூரியில் பாதிரியார் லஃபோன் அவருக்கு இயற்பியலில் ஈடுபாட்டை ஊட்டினார். 1880-இல் மருத்துவம் பயில லண்டன் சென்றார் போஸ். விடாத காய்ச்சல் அவரை வாட்டியது. உடற்கூறு அறையின் நெடி அதை மேலும் மோசமாக்கியது. மருத்துவத்தைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். ராலே பிரபு போன்ற சிறந்த ஆசிரியர்கள் அவருக்கு வாய்த்தனர்.

ஊதியம் பெறாத மூன்று ஆண்டுகள்

1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். அக்காலத்தில் ஐரோப்பியருக்குரிய ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. தற்காலிகப் பணி என்பதால் போஸுக்கு அதிலும் பாதியே கிடைத்தது. இந்த இழிவை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. பணியை அவர் துறக்கவில்லை, ஊதியத்தைத்தான் மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஒரு காசும் பெறாமல், ஒரு வகுப்பையும் தவறவிடாமல் பாடம் நடத்தினார்.

அப்போது தந்தை கடனில் மூழ்கியிருந்தார். 1887-இல் போஸ் மணந்துகொண்ட அபலா, சென்னையில் மருத்துவம் பயின்று, உடல்நலம் குன்றியதால் இடையில் நிறுத்தியவர். இத்தம்பதியர் வாடகை குறைந்த சந்தன்நகரில் வாழ்ந்தனர். படகுக் கூலிக்கும் சிரமம். ஆதலால் சிறு படகொன்றில் இருவருமாக ஆற்றைக் கடப்பர். அவர் கல்லூரிக்குச் செல்ல, அபலா படகைத் திருப்பி ஓட்டிச் செல்வார். முடிவில் நிர்வாகம் பணிந்தது. முழு ஊதியமும் நிலுவையுடன் கிடைத்தது. அப்பணம் தந்தையின் கடனை அடைக்கச் சென்றது.

தமது 36-ஆம் பிறந்த நாளில், இனி ஆராய்ச்சிக்கே வாழ்வை அர்ப்பணிப்பது என உறுதி பூண்டார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தார். இக்கண்டுபிடிப்புகளால் செல்வம் சேர்க்க அவர் விரும்பவில்லை. நண்பர்கள் வற்புறுத்திப் பெற்றுத் தந்த அமெரிக்கக் காப்புரிமையையும் அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

மறுக்கப்பட்ட கட்டுரை

அலைகளை உணரும் கருவி நெடுநேரம் இயங்கினால் சோர்வடைவதையும், ஓய்வுக்குப் பின் தெளிவடைவதையும் போஸ் கவனித்தார். தசையின் இயல்பும் இதுதானே என்ற எண்ணம் அவரைச் செடிகளிடம் கொண்டு சென்றது. தூண்டப்பட்ட செடியில் மின்மாற்றம் எழுவதையும், மயக்க மருந்தால் அது ஒடுங்குவதையும், நஞ்சால் அடியோடு மறைவதையும் அவர் பதிவு செய்தார்.

1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் இம்முடிவுகளை எடுத்துரைத்தார். உடலியங்கியலில் புகழ்பெற்ற பர்டன் சாண்டர்சன் எழுந்து மறுத்தார். இயற்பியலாளர் தம் எல்லைக்குள் நிற்பதே நன்று என்பது அவர் கருத்து. கட்டுரையின் சொற்களை மாற்றினால் ஏற்கலாம் என்ற யோசனையும் வந்தது. போஸ் இணங்கவில்லை. கட்டுரை அச்சேறவில்லை.

அவர் மனம் தளர்ந்த அந்நாட்களில் சகோதரி நிவேதிதை துணை நின்றார். பின்னர் அவருடைய நூல்களின் எழுத்துப்பணியிலும் பெரிதும் உதவினார். நாடு திரும்பாமல் லண்டனிலேயே தங்கிச் சோதனைகளைத் தொடர்ந்தார் போஸ். மறு ஆண்டில் லின்னேயன் சொசைட்டி அவரது ஆய்வை ஏற்று வெளியிட்டது.

செடி எழுதிய சரித்திரம்

தொட்டாற்சுருங்கியின் இலை ஏன் தாழ்கிறது? காம்பின் அடியில் உள்ள பருத்த பகுதியின் செல்கள் நீரை இழப்பதே காரணம். நீர் மெல்லத் திரும்பியதும் இலை எழுகிறது. அது எழும் முன் மறுபடி தொட்டால் உரிய எதிர்வினை கிட்டுவதில்லை. உயிருக்கு இளைப்பாறும் நேரம் வேண்டும் என்பதைச் செடியே எழுதிக் காட்டுமாறு நுண்கருவிகளைப் போஸ் படைத்தார். வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப், நீர், உரம், வெப்பம் ஆகியவற்றின் விளைவைச் சில நிமிடங்களிலேயே புலப்படுத்தியது.

நீருக்கடியில் வளரும் வேலம்பாசியின் உணவாக்கத்தையும் ஆராய்ந்தார். கோடையில் அது மாலிக் அமிலத்தைக் கொண்டு வேறொரு வழியில் உணவாக்குவதை 1924-இல் வெளியான நூலில் குறித்தார். நீரில் கரியமில வாயு குறையும்போது இப்பாசி மாற்று வழியைக் கையாள்வதைப் பிற்கால ஆராய்ச்சியும் உறுதி செய்தது.

அவருடைய எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. வேர் உறிஞ்சும் நீரை மரத்தின் செல்கள் இதயம்போல் துடித்து மேலேற்றுகின்றன என்று அவர் கருதினார். இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசையே அதை உயர்த்துகிறது என்பது இன்றைய அறிவியல். ஆனால் செடிகளின் உள்ளே மின்குறிப்புகள் செய்தி கொண்டு செல்கின்றன என்பது இன்று ஐயமின்றி ஏற்கப்பட்டுள்ளது.

1917-இல் தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். அதை ஆலயமாகவே கருதி அர்ப்பணித்தார். அங்கே விளக்கேந்திய பெண்ணின் உருவம் நிவேதிதையின் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஒருகாலத்தில் கட்டுரையை மறுத்த ராயல் சொசைட்டி 1920-இல் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிடியில் அவர் மறைந்தார்.

வணங்கும் மரம்

ஈச்சமரத்தின் கதை என்னவாயிற்று? கருவி வரைந்த கோடு தெளிவாக இருந்தது. வெப்பம் ஏறஏற மரம் தாழ்ந்தது. குளிரக் குளிர நிமிர்ந்தது. பிற்பகலில் மிகத் தாழ்ந்தும், விடியற்காலையை ஒட்டி மிக உயர்ந்தும் நின்றது. மண்ணின் ஈர்ப்புக்கு எதிராக நிமிர முயலும் உயிரின் இயல்புக்கும் வெப்பத்துக்கும் இடையே நிகழ்ந்த ஓயாத சமன்பாடே அந்த வணக்கம். மரம் பட்டுப்போனபோது அசைவும் நின்றது. அசைத்தது வெறும் மரக்கட்டையின் விரிவும் சுருக்கமும் அல்ல, உயிரே என்பதற்கு அதுவும் சான்றாயிற்று.

உண்மை அறிந்ததால் மரம் சிறுமை அடைந்துவிடவில்லை. புயல் சாய்த்தபின்னும் ஒவ்வொரு நாளும் தாழ்ந்து, ஒவ்வொரு நாளும் நிமிர்ந்த உயிர் அது. மறுக்கப்பட்ட ஊதியத்துக்கும் மறுக்கப்பட்ட கட்டுரைக்கும் நடுவே தம் பணியில் நிலைகுலையாது நின்ற போஸ், அம்மரத்தின் மொழியைப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை.