கடலுக்கடியில் கப்பல் பார்க்கப் போறீங்களா? இந்த மனிதரின் கதையைத் தெரிஞ்சுக்கிட்டு குதிங்க!

இந்த மாதிரி ரீல்ஸ் உங்க கண்ணில் கட்டாயம் பட்டிருக்கும். நீலத் தண்ணீருக்குள் துருப்பிடித்த ஒரு பெரிய கப்பல். அதன் ஜன்னல் வழியா மீன் கூட்டம் உள்ளே போய் வெளியே வருது. முதுகில் சிலிண்டரோட ஒருத்தர் மெதுவா மிதந்து போறார்.

அவர் வாயில் கவ்வியிருக்கிற கருவிக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கு. பெயர், ஜாக் கூஸ்தோ. பிரெஞ்சு கடற்படை அதிகாரி. மூழ்கிய கப்பல்களை நம்மைப் போன்றவர்களும் போய்ப் பார்க்க வழி செய்தவர். அந்தக் கப்பல்களில் இருந்து பொருள்களை அள்ளிக்கொண்டு வந்தவரும் அவர்தான். பவளப்பாறையில் வெடி வைத்தவரும் அவர்தான். பிறகு, கடலைக் காப்பாத்துங்கன்னு ஊர் ஊராப் போய்ச் சொன்னவரும் அவரேதான்!

பைலட் கனவு உடைஞ்ச இடம்

1910 ஜூன் 11-ம் தேதி, பிரான்ஸின் சாந்த் ஆந்த்ரே த குப்ஸாக் என்ற சின்ன ஊரில் பிறந்தார் கூஸ்தோ. கடற்படையில் சேர்ந்தாலும் அவருடைய ஆசை கடல் இல்லை, வானம். விமானியாக வேண்டும் என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 1936-ல் ஒரு கார் விபத்து. இரண்டு கைகளிலும் பலத்த அடி. பைலட் கனவு அதோடு முடிந்தது.

கைகளுக்கு வலு வரணும்னு தெற்கு பிரான்ஸின் துலோன் கடற்கரையில் நீந்த ஆரம்பித்தார். கடற்படை நண்பர் பிலிப் தாயியே ஒரு நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் முகத்தை வைத்தபோதுதான், இத்தனை நாளா நீந்திய கடலுக்குக் கீழே என்ன இருக்கு என்று முதன்முறையாகத் தெளிவாகப் பார்த்தார். நீங்க முதல் தடவை ஸ்நார்கலிங் பண்ணப்போ உங்களுக்கு என்ன ஆச்சோ, அதேதான் அவருக்கும் ஆச்சு.

காருக்குச் செய்த வால்வு, கடலுக்குள் வந்தது

ஸ்நார்கலில் ஒரு பிரச்னை. மூச்சை அடக்குகிற நேரம்தான் நீங்க கீழே இருக்க முடியும். அந்தக் காலத்து ஹெல்மெட் டைவர்கள் நீண்ட நேரம் இருந்தாங்க, ஆனா மேலே படகில் இருந்து வரும் குழாயோடு கட்டிப்போட்ட மாதிரி. கனமான பூட்ஸ் போட்டுக் கடலடியில் நடக்கணும். கப்பலுக்குள் நுழைந்தால் குழாய் சிக்கும். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு போகும் கருவிகளும் வந்திருந்தன. ஆனா அவற்றில் காற்று ஓயாமல் வெளியேறிக்கொண்டே இருந்ததால், சீக்கிரமே தீர்ந்துபோச்சு.

கூஸ்தோவுக்குத் தேவைப்பட்டது, உள்ளே இழுக்கும்போது மட்டும் காற்று தரும் கருவி. அதுவும் சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் தரணும். ஏன்னா, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கிட்டே போகும். அதை ஈடுகட்டாவிட்டால் மார்பை விரித்து மூச்சு இழுக்கவே முடியாது.

இரண்டாம் உலகப்போரின் நடுவில், பாரிஸில் எமில் காக்னான் என்ற இன்ஜினீயரைச் சந்தித்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கார்களை எரிவாயுவில் ஓட்டிய காலம் அது. அதற்காக காக்னான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அதையே மாற்றியமைத்தார்கள். 1943-ல் மார்ன் நதியில் முதல் சோதனை. படுத்து நீந்தினால் சரி. நிமிர்ந்து நின்றால் காற்று வீணா வெளியே கொட்டுது, தலைகீழானால் மூச்சே கிடைக்கலை! காற்று உள்ளே வரும் இடமும் வெளியேறும் இடமும் ஒரே மட்டத்தில் இல்லை என்பதுதான் காரணம். அதைச் சரிசெய்ததும் கருவி தயார். பெயர், அக்வாலங்.

அந்த ஜூனில் கடலில் இறங்கினார். நண்பர் தாயியேவும், கை தேர்ந்த மீன் வேட்டைக்காரர் ஃப்ரெடரிக் துமாவும் கரையில் தயாராக இருந்தார்கள். மனைவி சிமோன் ஸ்நார்கல் போட்டுக்கொண்டு மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் இல்லை, கயிறு இல்லை. மீன் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பலாம்!

இந்தச் சுதந்திரத்தோட அவர்கள் முதலில் போன இடம் எது தெரியுமா? மூழ்கிய கப்பல்கள்தான். மார்செய், துலோன் பக்கம் கிடந்த கப்பல்களைச் சுற்றி அதே வருடம் ஒரு படம் எடுத்தார்கள். தலைப்பே அதுதான்: சிதைந்த கப்பல்கள். போர் முடிந்ததும் அதைக் காட்டித்தான், கடற்படைக்குள் ஒரு டைவிங் பிரிவு தொடங்க மேலதிகாரிகளைச் சம்மதிக்க வைத்தார்கள்.

120 மீட்டர்

அக்வாலங் எவ்வளவு ஆழம் வரை தாங்கும்? 1947-ல் இதைச் சோதிக்கும்போது, குழுவில் இருந்த மோரிஸ் ஃபார்க் இறங்கினார். ஆழம் குறித்த பலகைகள் கயிற்றில் தொங்கின. 120 மீட்டர் பலகையில் அவர் கையெழுத்து இருந்தது. ஆனா, அவர் உயிரோடு மேலே வரலை. அந்த ஆழத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே போதைபோல மூளையை மயக்கிவிடும். வாயில் இருந்த குழாய் நழுவியிருந்தது. அக்வாலங்கோடு இறங்கி உயிரிழந்த முதல் டைவர் அவர்தான். இன்னைக்குப் பொழுதுபோக்கு டைவர்களுக்கு 40 மீட்டர்தான் எல்லை. அந்த எல்லைக்குப் பின்னால் இப்படிப் பல மரணங்கள் இருக்கு.

அள்ளியதும் தொலைத்ததும்

1950-ல் பழைய கண்ணிவாரிக் கப்பல் ஒன்று கூஸ்தோவின் கைக்கு வந்தது. பெயர் கலிப்ஸோ. வாங்கிக் கொடுத்தவர் லோயல் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர். வாடகை, வருடத்துக்கு ஒரே ஒரு ஃப்ராங்க். கப்பலை ஓட்டுவதற்காகத் தன் நகைகளை விற்றவர் சிமோன். கணவரைவிட அதிக நாள் அதில் வாழ்ந்தவரும் அவர்தான்.

1952-ல் மார்செய் அருகே கிராண்ட் கொங்லுவே தீவின் அடியில், 2,000 வருடத்துக்கும் மேல் பழைமையான சரக்குக் கப்பலைத் தோண்டத் தொடங்கினார்கள். பெரிய உறிஞ்சு குழாயால் மணலை அள்ளினார்கள். ஒயின் ஜாடிகள் ஆயிரக்கணக்கில் மேலே வந்தன. ஆனா தொல்லியல் அறிஞர் மேலே கப்பலில் இருந்தார். கீழே இருந்தவர்கள் டைவர்கள் மட்டும்தான். எந்தப் பொருள் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்ற பதிவு ஒழுங்காக இல்லை. விளைவு? அங்கே கிடந்தது ஒன்றல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கப்பல்கள் என்பது உறுதியாக முப்பது வருடம் போல ஆச்சு. பொருள் கைக்கு வந்தது, அது சொல்ல வேண்டிய கதையில் பாதி போச்சு.

அடுத்து திசில்கார்ம். எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்கு லாரி, பைக், துப்பாக்கி, பூட்ஸ் என ஏற்றிவந்த கப்பல். 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் செங்கடலில் மூழ்கியது. 9 பேர் இறந்தார்கள். 1955-ல் கூஸ்தோ அதைக் கண்டுபிடித்தார். கப்பலின் மணி, ஒரு பைக் என்று சிலவற்றை மேலே கொண்டுவந்தார். அந்தப் பயணத்தில் எடுத்த ‘மௌன உலகம்’ படம், 1956-ல் கான் விழாவின் உயரிய விருதையும் அடுத்த வருடம் ஆஸ்கரையும் வென்றது.

அந்தப் படத்தை இப்போ பார்த்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு பவளப்பாறையில் என்னென்ன மீன் இருக்குன்னு கணக்கெடுக்க டைனமைட் வைக்கிறாங்க. குட்டித் திமிங்கிலம் ஒன்று கப்பலின் விசிறியில் அடிபடுது. அதைத் தின்ன வந்த சுறாக்களைக் குழுவினர் அடித்துக் கொல்றாங்க. அன்றைக்கு இதெல்லாம் கைதட்டலோட பார்க்கப்பட்டது.

வீடு கட்டினார், பவளம் குடியேறியது

1963-ல், சூடான் கடலில் ஷாப் ரூமி என்ற பவளத்திட்டில், 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வீடே அமைத்தார். நட்சத்திர மீன் வடிவ வீட்டில் ஐந்து பேர் ஒரு மாதம் தங்கினார்கள். குட்டி நீர்மூழ்கியை நிறுத்த ஒரு ‘கராஜ்’ வேறு! எண்ணெய்த் துறையின் பணமும் இதில் இருந்தது. மனிதன் கடலடியில் ஊர் அமைத்து அதன் வளத்தை எடுப்பான் என்பதே அன்றைய கனவு.

கனவு நீடிக்கலை. கராஜும் கருவிக் கொட்டகையும் அங்கேயே நின்றன. அதற்குள் யார் குடியேறினாங்க தெரியுமா? பவளமும் கடற்பஞ்சும் மீன்களும். பவளத்தின் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள கெட்டியான இடம் வேணும். வெறும் மணலில் அது கிடைக்காது, இரும்பில் கிடைக்கும். பவளம் வந்தால் ஒளிய இடம் தேடும் சின்ன மீன் வரும், அதைத் தேடிப் பெரிய மீன் வரும். இப்போ இதையே திட்டமிட்டுச் செய்றாங்க. 2006-ல் ஃப்ளோரிடா அருகே ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலையே, நச்சுப் பொருள்களை அகற்றிவிட்டு, செயற்கைப் பவளத்திட்டாக மூழ்கடித்தார்கள்.

மாறிய மனிதர்

கூஸ்தோ ஒரே நாளில் மாறலை. 1960-லேயே, அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்து நின்றார். திரும்பத் திரும்ப அதே இடங்களில் டைவ் செய்தவர், முன்பு இருந்த மீன்கள் இப்போ இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தார். டிவி தொடர்களின் பேச்சு, சாகசத்தில் இருந்து எச்சரிக்கைக்கு நகர்ந்தது. 1973-ல் கடல் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கினார். 

கப்பல்களைப் பார்க்கும் விதமும் மாறியது. 1975-ல் கிரீஸ் அருகே, டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக்கைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடம், 1916-ல் அந்தக் கப்பல் மூழ்கியபோது உயிர் தப்பிய நர்ஸ் ஒருவரை அங்கே அழைத்து வந்து, குட்டி நீர்மூழ்கியில் கீழே கூட்டிப்போனார். அங்கே கிடந்தது அந்தப் பாட்டியின் வாழ்க்கையில் ஒரு நாள்!

அவருக்கு இழப்புகளும் வந்தன. 1979-ல் இளைய மகன் பிலிப் விமான விபத்தில் இறந்தார். 1990-ல் சிமோன் போனார். 1996 ஜனவரியில், சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு பெரிய சரக்குப் படகு மோதி கலிப்ஸோவே மூழ்கியது. வாழ்நாள் முழுக்க மூழ்கிய கப்பல்களைத் தேடியவரின் சொந்தக் கப்பலும் தண்ணீருக்கடியில். அதைத் தூக்கினார்கள், ஆனா அவர் அதில் மறுபடி பயணம் போகலை. 1997 ஜூன் 25-ல், 87 வயதில் பாரிஸில் இறந்தார்.

இனி நீங்க...

திசில்கார்ம் 1990-களில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு, உலகப் புகழ்பெற்ற டைவிங் இடமாகிவிட்டது. படகுகள் கயிற்றை நேரே கப்பலிலேயே கட்டியதில் பாகங்கள் பிய்ந்து போயின. நினைவுப் பொருளுக்கு ஆசைப்பட்டு எடுத்துப் போனவர்களும் உண்டு. ஒவ்வொருத்தரும் ஒண்ணே ஒண்ணுதானேன்னு எடுத்திருப்பாங்க.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ நீங்க டைவ் கத்துக்கிட்டா, முதல் பாடமே மூச்சை அடக்காதீங்க என்பதுதான். இரண்டாவது, மிதவைக் கட்டுப்பாடு. அதை நல்லா பழகுங்க. துடுப்பின் ஒரு உதையில், பல வருடமா வளர்ந்த பவளம் உடையும். கப்பலுக்குள்ளே நுழைய தனிப் பயிற்சி வேணும். இல்லைன்னா வெளியே இருந்து பாருங்க, அதுவே அவ்வளவு அழகு. எதையும் தொடாதீங்க, எடுக்காதீங்க. கேமராவில் மட்டும் எடுத்துக்கோங்க. கூஸ்தோவுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. உங்களுக்குச் சொல்ல அவருடைய வாழ்க்கையே இருக்கு.