தாய்வீட்டைக் காத்த தலைவி

நுழையும் முன்

இமயமலையின் மடியில் அமைந்த ஒரு சிற்றூர். அங்கு வாழ்ந்த ஒரு பெண்மணி பள்ளிக்கூடம் சென்றதில்லை. பதவியும் செல்வமும் பெற்றவர் அல்லர். எனினும், தம் ஊர்ப் பெண்களை ஒன்றுசேர்த்து ஒரு பெருங்காட்டை அழிவிலிருந்து மீட்டார். கௌரா தேவி என்னும் அப்பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் இளமையும்

இந்தியாவின் வடக்கே, இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் சமோலி மாவட்டம் அமைந்துள்ளது. அம்மாவட்டத்தில் தௌலி கங்கை பாயும் நீத்திப் பள்ளத்தாக்கில் லாத்தா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1925-ஆம் ஆண்டு கௌரா தேவி பிறந்தார். அவர் போட்டியா என்னும் மலைவாழ் சமூகத்தைச் சேர்ந்தவர்.

அம்மக்கள் ஆடு வளர்த்தும், கம்பளி நெய்தும், மலைச்சரிவில் சிறிதளவு பயிர் செய்தும் வாழ்ந்தனர். கோடைக்காலத்தில் பனி மூடிய கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று வணிகம் செய்வதும் அவர்களது வழக்கம். இங்கிருந்து தானியமும் வெல்லமும் கொண்டுசெல்வர். அங்கிருந்து உப்பும் கம்பளியும் கொண்டுவருவர்.

கௌரா தேவிக்கு ஏட்டுக்கல்வி கிட்டவில்லை. ஆனால், கம்பளி நூற்கவும் நெய்யவும் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டார். எந்தத் தழை ஆட்டுக்கு ஆகும், எந்த மூலிகை நோய்க்கு மருந்தாகும், எந்தச் சரிவில் மண் சரியும் என்பனவற்றை எல்லாம் காடே அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

துன்பமும் துணிவும்

அக்கால வழக்கப்படி இளவயதிலேயே அவருக்குத் திருமணம் நடைபெற்றது. ரிஷி கங்கை ஆறு தௌலி கங்கையுடன் கலக்கும் இடத்திற்கு அருகில் உள்ள ரேணி என்னும் ஊரே அவரது புகுந்த ஊர். மணவாழ்க்கை நெடுநாள் நீடிக்கவில்லை. இருபத்திரண்டாம் வயதில் கணவரை இழந்தார். கையில் சிறு குழந்தை, வீட்டில் முதியோர், உழுவதற்குச் சிறிதளவு நிலம். இவையே அவருக்கு எஞ்சியவை.

அவர் மனம் தளரவில்லை. வயலிலும் உழைத்தார், கம்பளித் தொழிலையும் விடாமல் நடத்தினார். தம் மகனை வளர்த்து ஆளாக்கினார். 1962-ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே போர் மூண்டது. எல்லை மூடப்பட்டது, தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த திபெத் வணிகம் நின்றுபோனது. அதன்பின் மக்களுக்கு நிலமும் காடும் மட்டுமே வாழ்வாதாரங்களாக நின்றன. வயலில் விளைவது ஆண்டு முழுவதற்கும் போதாது. விறகு, தழை, மூலிகை, ஊற்றுநீர் ஆகிய அனைத்தையும் காடே வழங்கியது.

வெள்ளம் கற்பித்த பாடம்

போருக்குப் பின்னர் எல்லை வரை சாலைகள் அமைக்கப்பட்டன. அச்சாலைகள் வழியே மரங்களை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர்களும் மலைக்குள் நுழைந்தனர். சரிவுகளில் நின்ற மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. மரத்தின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன; உதிர்ந்த இலைகள் மட்கி மழைநீரை உறிஞ்சி வைக்கின்றன. மரங்கள் அகன்றால் மழைநீர் தடையின்றிப் பாய்ந்து மண்ணையும் பாறையையும் ஆற்றுக்குள் தள்ளிவிடும்.

1970-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அலகநந்தா ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பாலங்களும் சாலைகளும் வீடுகளும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்கள் பலியாயின. வெட்டப்பட்ட காடுகளுக்குக் கீழே இருந்த ஊர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டன என்பதை மலைமக்கள் கண்ணாரக் கண்டனர். இவ்வுண்மையை ஊர் ஊராக எடுத்துரைத்தவர்களுள் கோபேஷ்வரைச் சேர்ந்த சண்டி பிரசாத் பட் என்னும் காந்தியத் தொண்டர் முதன்மையானவர். அவரும் நண்பர்களும் தசோலி கிராம சுயராஜ்ய சங்கம் என்னும் அமைப்பை நடத்திவந்தனர்.

1973-ஆம் ஆண்டு மண்டல் என்னும் ஊருக்கு அருகில் ஒரு போராட்டம் எழுந்தது. ஏரும் நுகமும் செய்வதற்குச் சில மரங்களைக் கேட்ட உழவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால், விளையாட்டுக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்திற்கு அதே மரங்கள் வழங்கப்பட்டன. கோடரி விழும் முன் மரத்தைக் கட்டித் தழுவிக்கொள்வது என்று மக்கள் முடிவு செய்தனர். இதிலிருந்து சிப்கோ இயக்கம் பிறந்தது. சிப்கோ என்னும் இந்திச் சொல்லுக்கு ஒட்டிக்கொள் என்பது பொருள்.

மகளிர் குழுவின் தலைவி

ரேணியில் மகிளா மங்கள் தள் என்னும் மகளிர் குழு இயங்கிவந்தது. ஊர்த் தூய்மையும் காட்டுப் பாதுகாப்பும் அக்குழுவின் பணிகள். இப்பணிகளுக்கு ஊதியம் இல்லை. விடியலில் எழுந்து, நீர் சுமந்து, தழை அறுத்து, வயலில் உழைத்து, அதன்பின் கிடைக்கும் சிறிது நேரத்தைப் பெண்கள் ஊருக்காகக் கொடுத்தனர். இக்குழுவின் தலைமைப் பொறுப்பு கௌரா தேவியிடம் வந்தது. அப்போது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். துன்பத்தில் துவளாத அவரை ஊரார் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரேணிக் காட்டில் உள்ள ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டன. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். காட்டைக் காக்க வேண்டும் என்று கூட்டங்களில் பேசப்பட்டது. ஆனால், மரம் வெட்டும் நாள் எது என்பது எவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 26

அந்த நாள் 1974-ஆம் ஆண்டு மார்ச் 26. எல்லைச் சாலைக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாகக் காத்திருந்த தொகை அது. எனவே, ரேணியின் ஆடவர்கள் அனைவரும் சமோலி நகருக்குச் சென்றிருந்தனர். சண்டி பிரசாத் பட்டும், வனத்துறை அதிகாரிகளைச் சந்திக்க வேண்டியிருந்ததால், கோபேஷ்வரிலேயே தங்க நேர்ந்தது. ஊரில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே இருந்தனர்.

அந்நேரத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்களும் ஒப்பந்தக்காரரின் ஆள்களும் வனத்துறைப் பணியாளர்களும் ரேணியை நோக்கி வந்தனர். ஊருக்குள் வராமல், முன்னதாகவே வண்டியிலிருந்து இறங்கி, ரிஷி கங்கைக் கரை வழியாகக் காட்டை நோக்கி நடந்தனர். அவர்களைக் கண்ட ஒரு சிறுமி கௌரா தேவியிடம் ஓடோடி வந்து செய்தியைத் தெரிவித்தாள்.

கௌரா தேவிக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஆடவர்கள் திரும்பும் வரை காத்திருக்கலாம்; ஆனால், அதற்குள் மரங்கள் வீழ்ந்துவிடும். உடனே புறப்படலாம், ஆனால், கையில் எந்தக் கருவியும் இல்லாத பெண்கள் கோடரி ஏந்திய ஆடவர் கூட்டத்தை எதிர்கொள்ள வேண்டும். அவர் தயங்கவில்லை. வீடு வீடாகச் சென்று அழைத்தார். அடுப்பில் ஏற்றியதை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் வெளியே வந்தனர். சிறுமியரும் சேர்ந்துகொள்ள, இருபத்தேழு பேர் காட்டை நோக்கி விரைந்தனர்.

காட்டினுள் தொழிலாளர்கள் உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். கௌரா தேவி அவர்களைப் பகைவராகக் கருதவில்லை. அவர்களும் தொலைவிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகளே என்பதை அவர் அறிந்திருந்தார். உடன்பிறந்தோரிடம் பேசுவதுபோல் அவர்களிடம் பேசினார். இக்காடு எங்கள் தாய்வீடு என்று கூறினார். இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள் வயல்களும் வீடுகளும் மண்ணோடு போய்விடும் என்று விளக்கினார். சமைத்த உணவை உண்டுவிட்டுத் தங்களுடன் கீழே இறங்கி வருமாறும், ஆடவர்கள் திரும்பியபின் அமர்ந்து பேசி முடிவு செய்யலாம் என்றும் வேண்டினார்.

தொழிலாளர்கள் சிலர் மனம் மாறினர். ஆனால், அங்கிருந்த மற்றவர்கள் பெண்களை இழிவாகப் பேசினர். அரசுப் பணியைத் தடுத்தால் சிறை செல்ல நேரிடும் என்று மிரட்டினர். மது அருந்தியிருந்த ஒருவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னே வந்தான். பெண்கள் அஞ்சினர், எனினும், எவரும் ஓடவில்லை. கௌரா தேவி துப்பாக்கிக்கு நேராகத் தம் மார்பைக் காட்டி நின்றார். முதலில் தம்மைச் சுட்டுவிட்டு, அதன்பின் தாய்வீட்டை வெட்டிக்கொள்ளுமாறு கூறினார். துப்பாக்கி தாழ்ந்தது. தொழிலாளர்கள் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கத் தொடங்கினர்.

விழித்திருந்த இரவு

அத்துடன் பணி முடிந்துவிட்டதாகக் கௌரா தேவி எண்ணவில்லை. இருள் சூழ்ந்தபின் அவர்கள் மீண்டும் வரக்கூடும் அல்லவா? காட்டுக்குச் செல்லும் வழியில், நிலச்சரிவு ஏற்பட்ட ஓரிடத்தைக் கடக்கச் சிமெண்டுப் பலகையாலான சிறு பாலம் ஒன்று இருந்தது. பெண்கள் அதனைப் பெயர்த்துத் தள்ளிக் காட்டுவழியைத் துண்டித்தனர். பின்னர், கடுங்குளிரில் இரவு முழுவதும் அங்கேயே காவல் இருந்தனர்.

மறுநாள் ஆடவர்களும் சங்கத் தொண்டர்களும் ஊர் திரும்பினர். நடந்தவற்றைக் கேட்டு வியந்தனர். செய்தி பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. அண்டை ஊர் மக்களும் திரண்டு வந்தனர். ஒப்பந்தக்காரரின் ஆள்கள் மரம் வெட்டாமலேயே திரும்பிச் சென்றனர்.

விளைந்த பயன்

அக்காலத்தில் இம்மலைப்பகுதி உத்தரப் பிரதேச மாநிலத்தில் இருந்தது. மாநில அரசு, தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஓர் ஆய்வுக்குழுவை அமைத்தது. ரேணிக் காட்டில் மரம் வெட்டுவது ஆபத்தானது என்று அக்குழு கண்டறிந்தது. ஊர்ப் பெண்கள் பட்டறிவால் கூறியதையே அறிவியலும் உறுதி செய்தது. அதன்பின், அலகநந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் வணிகத்திற்காக மரம் வெட்டுவது பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது. 1980-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்தின் இமயமலைக் காடுகளுக்குப் பதினைந்து ஆண்டுத் தடை அறிவிக்கப்பட்டது.

1987-ஆம் ஆண்டில் சிப்கோ இயக்கத்திற்கு மாற்று நோபல் பரிசு என்று போற்றப்படும் வாழ்வுரிமை விருது வழங்கப்பட்டது. ஆனால், புகழ் கௌரா தேவியின் வாழ்க்கையை மாற்றவில்லை. அவர் ரேணியிலேயே வாழ்ந்தார்; எப்போதும்போல் வயலிலும் காட்டிலும் உழைத்தார். 1991-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார்.

இன்றும் ஒலிக்கும் குரல்

2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், பனிமலையிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழ, ரிஷி கங்கையில் பெருவெள்ளம் பாய்ந்தது. ரேணிக்கு அருகிலிருந்த நீர்மின் நிலையம் அழிந்தது. தௌலி கங்கைக் கரையிலும் பேரிழப்பு ஏற்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். அடுத்து வந்த மழைக்காலத்தில் ஊரின் நிலம் சரியத் தொடங்கியதால், அங்கு நிறுவப்பட்டிருந்த கௌரா தேவியின் சிலையையே பாதுகாப்பு கருதி வேறிடத்திற்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது.

ஒருமுறை காத்துவிட்டால் நிலம் என்றென்றைக்கும் பாதுகாப்பாக இருக்கும் என்று இருந்துவிட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் அதற்குக் காவல் இருக்க வேண்டும். ரேணிப் பெண்கள் ஓர் இரவு விழித்திருந்தனர். அவர்கள் காத்த மரங்கள் அச்சரிவின் மண்ணைப் பற்றிக்கொண்டு நின்றன.

பயிற்சி

1. ரேணி மக்கள் காட்டைத் தாய்வீடு எனக் கருதியதற்கு உரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. தொழிலாளர்களிடம் கௌரா தேவி நடந்துகொண்ட முறை அவரது தலைமைப் பண்பை எவ்வாறு காட்டுகிறது?
3. தொழிலாளர்கள் திரும்பிய பின்னரும் பெண்கள் இரவு முழுவதும் காவல் இருந்தது ஏன்?
4. நீங்கள் வாழும் பகுதியில் பாதுகாக்க வேண்டிய ஒரு குளம், பூங்கா அல்லது மரத்தைத் தேர்ந்தெடுக்க. அதைக் காக்க நண்பர்களுடன் சேர்ந்து என்ன செய்வீர்கள் என்பதை ஒரு பத்தியில் எழுதுக.