கிட்டாரில் பான்ஜோ வாசித்த சிறுவன்: ஜான் லெனான் கிட்டார் கத்துக்கிட்ட கதை தெரியுமா?

1980 டிசம்பர் 8-ல் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்ட பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனான், முதன்முதலில் கிட்டார் பழகியதே தப்பான சுருதியில்தான். காரணம், அவரோட அம்மா.

அம்மா கொடுத்த பாடம்

1940-ல் லிவர்பூலில் பிறந்த லெனான், பெரியம்மா மிமி வீட்டில் வளர்ந்தார். அம்மா ஜூலியா அருகிலேயே வசித்தார். அவருக்குத் தெரிந்தது பான்ஜோ. மகன் கையில் மலிவான அகூஸ்டிக் கிட்டார் கிடைத்ததும், பான்ஜோ கார்ட்ஸையே சொல்லிக்கொடுத்தார். கிட்டாரையும் பான்ஜோ போலவே சுருதி சேர்த்ததால், 6 தந்திகளும் முழுசா பயன்படல.

திருத்திய நண்பர்

1957 ஜூலை 6, உல்டன் சர்ச் விழா. 16 வயது லெனான், 15 வயது பால் மெக்கார்ட்னியைச் சந்தித்தார். பாலுக்கு கிட்டாரைச் சரியா சுருதி சேர்க்கத் தெரியும். தன்னைவிட நல்லா வாசிக்கிறவரைக் குழுவில் சேர்ப்பதா என லெனானுக்குத் தயக்கம். ஆனாலும் சேர்த்துக்கிட்டார். பால் இடதுகைக்காரர். அவர் விரல் வைப்பதைக் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றித்தான் லெனான் கத்துக்கணும்.

அடுத்த ஆண்டு ஜூலை 15-ல் கார் மோதி ஜூலியா இறந்தார். லெனானுக்கு வயது 17.

ரிஷிகேஷில் மறுபடி மாணவர்

1968-ல் உலகப் புகழோடு ரிஷிகேஷ் வந்த லெனான், விரல்களால் தந்தி மீட்டும் முறையைப் பாடகர் டோனோவனிடம் புதுசா கத்துக்கிட்டார். அப்படிப் பிறந்த பாடல்தான் 'ஜூலியா'. அதைப் பதிவு செய்தபோது மற்ற மூவரும் வாசிக்கல. லெனானும் ஒரு அகூஸ்டிக் கிட்டாரும் மட்டும்தான்.