உள்ளங்கையில் பாடம் எழுதியவர்



பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் பேசப் பேச, அதை ஹெலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்தான் ஆன் சலிவன். ஹெலனின் ஆசிரியை. அவருடைய கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆன் 1866-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். சிறு வயதிலேயே டிரக்கோமா என்னும் கண்நோய் தாக்கி ஆனின் பார்வை மிகவும் மங்கிவிட்டது. எட்டு வயதில் தாயை இழந்தார். பிறகு தந்தையும் பிள்ளைகளைக் கைவிட்டார்.

1876-இல் ஆனும் அவருடைய தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்ற ஊரில் இருந்த ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். ஜிம்மிக்கு இடுப்பு மூட்டில் காசநோய். சில மாதங்களிலேயே அவன் இறந்துபோனான். ஆனுக்கு அப்போது பத்து வயது. உலகத்தில் தன்னுடையவர் என்று சொல்ல அவருக்குப் பக்கத்தில் யாருமே இல்லை!

பார்வையற்றவர்களுக்கென்று பள்ளிக்கூடம் இருப்பதை விடுதியில் ஆன் கேள்விப்பட்டார். 1880-இல் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்தார்கள். யார் எந்த அதிகாரி என்றுகூட ஆனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கூட்டத்துக்குள் புகுந்து, தனக்குப் படிக்க வேண்டும் என்று கெஞ்சினார். அந்தத் துணிச்சல்தான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். வயது பதினான்கு. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. மற்ற மாணவிகள் சிரித்தார்கள். ஆன் கோபப்பட்டார், அழுதார். ஆனால் படிப்பை விடவில்லை. கண்களில் செய்த அறுவை சிகிச்சைகளால் ஓரளவு பார்வையும் திரும்பியது.

அந்தப் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற முதிய பெண்மணி வசித்துவந்தார். அவருக்கும் கண் தெரியாது, காது கேட்காது. டாக்டர் ஹோவே என்பவர் கரண்டி, சாவி போன்ற பொருள்களில் மேடான எழுத்துகளால் ஆன பெயர்ச்சீட்டுகளை ஒட்டி, தடவிப் பார்க்கவைத்து அவருக்கு மொழியைக் கற்பித்திருந்தார். லாராவோடு பேச வேண்டுமென்றால் விரல் எழுத்து தெரிய வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களை ஒவ்வொரு விதமாக மடக்கி, எதிரில் இருப்பவரின் கையில் உணர்த்துவதுதான் விரல் எழுத்து. லாராவோடு பேசுவதற்காகவே ஆன் அதைக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அதுவே தன் வாழ்க்கைத் தொழிலாகும் என்று அவர் நினைத்திருக்க முடியாது!

1886-இல் ஆன் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். அந்தச் சமயத்தில் அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தம் மகள் ஹெலனுக்கு ஓர் ஆசிரியை வேண்டும் என்று கெல்லர் என்பவர் கேட்டிருந்தார். பள்ளித் தலைவர் ஆனைத் தேர்ந்தெடுத்தார். ஆன் உடனே புறப்பட்டுவிடவில்லை. லாராவுக்குக் கற்பித்த முறை பற்றி ஹோவே எழுதிவைத்திருந்த குறிப்புகளை, பலவீனமான தன் கண்களோடு பல மாதங்கள் படித்தார். அதுதான் அவர் பெற்ற ஆசிரியர் பயிற்சி!

1887 மார்ச் 3-ஆம் நாள் டஸ்கம்பியா சென்று சேர்ந்தார். ஹெலனுக்கு அப்போது ஏழு வயதுகூட நிறையவில்லை. பெர்க்கின்ஸ் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொம்மையைக் கொடுத்து, பொம்மை என்ற சொல்லை அவளுடைய கையில் எழுதினார். ஹெலனும் அதேபோல் விரல்களை அசைத்தாள். ஆனால் அவளுக்கு அது வெறும் விளையாட்டு. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாருடைய தட்டிலும் கையைவிட்டு எடுத்துச் சாப்பிடுவாள் ஹெலன். பாவம் என்று வீட்டார் விட்டுவிட்டார்கள். ஆன் விடவில்லை. அடியும் உதையும் கிடைத்தும், அவளைக் கரண்டி பிடித்துச் சாப்பிட வைத்தார். இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் குழந்தை எதையுமே கற்காது என்பது அவருடைய எண்ணம்.

ஏப்ரல் 5-ஆம் நாள் அந்த அற்புதம் நிகழ்ந்தது. அடிகுழாயில் கொட்டும் தண்ணீரில் ஹெலனின் ஒரு கையை நனையவிட்டு, மற்றொரு கையில் தண்ணீர் என்ற சொல்லை எழுதினார் ஆன். சட்டென்று ஹெலனுக்குப் புரிந்துவிட்டது! தொட்ட பொருளுக்கெல்லாம் பெயர் கேட்கத் தொடங்கினாள். ஆனையும் தொட்டுக் கேட்டாள். ஆசிரியை என்று எழுதினார் ஆன். வாழ்நாள் முழுவதும் ஹெலன் அவரை அப்படியே அழைத்தார்.

ஆனின் பயிற்சி அதோடு முடியவில்லை. ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றுக்கு வயது ஒன்றேகால். அது பேச்சைப் புரிந்துகொள்ளும் விதத்தை உற்றுக் கவனித்தார் ஆன். அந்தக் குழந்தைக்கு யாரும் மணி அடித்துப் பாடம் நடத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் பேசினார்கள், அது புரிந்துகொண்டது. அன்றுமுதல் ஆனும் ஹெலனின் கையில் முழு வாக்கியங்களாகவே பேச ஆரம்பித்தார்.

1900-இல் ஹெலன் ராட்கிளிப் கல்லூரியில் சேர்ந்தார். பிரெய்லியில் இல்லாத நூல்களை ஆன் படித்து, ஹெலனின் கையில் சொன்னார். அதனால் ஆனின் கண்கள் மேலும் கெட்டன. எல்லாம் ஆனின் மூளைதான் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். தேர்வு எழுதும்போது ஆன் உதவக் கூடாது என்பது கல்லூரியின் உத்தரவு. ஹெலன் ஆனின் துணையில்லாமலே எழுதித் தேறினார்! 1904-இல் பட்டமும் பெற்றார். நான்கு ஆண்டுகள் அதே வகுப்பில் இருந்த ஆனுக்குப் பட்டம் கிடையாது. 1932-இல்தான் டெம்பிள் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

கடைசிக் காலத்தில் ஆன் பார்வையை முழுவதும் இழந்தார். 1936 அக்டோபர் 20-ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய கையைப் பற்றியிருந்தவர் ஹெலன்தான்.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கு வகுப்பில் துணையாக இருக்க இன்று தனிப் பயிற்சிப் படிப்புகள் உள்ளன. அந்தப் பாடங்களுக்கெல்லாம் ஆன் ஒரு முன்மாதிரி. உதவ நல்ல மனம் மட்டும் போதாது, எப்படி உதவுவது என்றும் கற்க வேண்டும். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு நண்பர் இருக்கலாம். அவருடைய வேலையை நீங்களே செய்து கொடுத்துவிடாதீர்கள். என்ன உதவி வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள், குழந்தைகளே!